தமிழர்களும் முஸ்லிம்களும்: ஓர் 'உம்' இழைக்கும் அநீதி

"இந்த ஊரில் தமிழர்களும் முஸ்லிம்களும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்" என்று ஒருவர் மேடையில் முழங்கினால் நாம் கை தட்டுகிறோம். பேசியவர் நல்லெண்ணத்தோடு பேசினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்திற்குள்ளேயே நாம் நம் தாய்மொழியிலிருந்து வெளியேற்றப்பட்டு விட்டோம் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

தமிழ் இலக்கணத்தில் எண்ணும்மை என்று ஒன்று உண்டு. இரவும் பகலும், ஆணும் பெண்ணும், சோறும் ஆணமும் என வெவ்வேறானவற்றை அடுக்கிச் சொல்ல அது பயன்படுகிறது. "மதுரைக்காரர்களும் ஆசிரியர்களும்" என்று ஒரு கூட்டத்தை இரு தரப்பாகப் பிரித்து யாரும் பேசுவதில்லை. முன்னது ஊர், பின்னது தொழில், ஒருவரே இரண்டுமாக இருக்கலாம். அதுபோலவே தமிழ் என்பது மொழி. இஸ்லாம் என்பது மார்க்கம். இந்துக்களும் முஸ்லிம்களும் என்றால் மார்க்கத்தோடு மார்க்கத்தை நிறுத்துகிறோம். தமிழர்களும் தெலுங்கர்களும் என்றால் மொழியோடு மொழியை நிறுத்துகிறோம். தமிழர்களும் முஸ்லிம்களும் என்றால் என்ன பொருள்? தமிழன் முஸ்லிமாக இருக்க முடியாது; முஸ்லிம் தமிழனாக இருக்க முடியாது என்பதே பொருள். வேறு பொருளுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

"சொல்லில் என்ன இருக்கிறது? இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு நமது பதில் இதுதான்: வாடகை வீடு கேட்டுச் செல்லும் நம் பிள்ளையிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்பது பெயரைத்தான். பெயரைக் கேட்டதும், "தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே!" என்று வியக்கிறார். அந்த வியப்பு எங்கிருந்து வந்தது? வாக்கியங்களிலிருந்து வந்தது. நூறு முறை காதில் விழுந்த 'உம்', நூற்றோராவது முறை கதவை அடைக்கிறது.

பெயரிடும் அதிகாரம்

ஒரு சமுதாயத்தை எப்பெயரால் அழைப்பது என்பதைப் பெரும்பாலும் அச்சமுதாயம் முடிவு செய்வதில்லை. வலிமையுள்ளவர் முடிவு செய்கிறார். வலிமையற்றவர் அதைச் சுமக்கிறார். நமக்கு வைக்கப்பட்ட பெயர்களின் வரலாறே இதற்குச் சான்று.

'துலுக்கர்' என்னும் சொல் துருக்கர் என்பதன் திரிபு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் வாழ்ந்த நம் முன்னோருக்கும் துருக்கி நாட்டுக்கும் என்ன உறவு? கடல் வணிகத்தால் அரபு நாட்டுத் தொடர்பு உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்து மார்க்கத்தை ஏற்றவர்களோ அவர்களினும் மிகப் பலர். ஆயினும் வடக்கே படை நடத்தி வந்தவனின் இனப்பெயர், தெற்கே வலை வீசியவனுக்கும் தறி நெய்தவனுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல் எவ்வளவு எளிதாக 'அயல்' என்னும் பொருளை ஏற்றது என்பதற்கு ஒரு பூவே சாட்சி. மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு செவ்வந்திக்குத் தமிழில் துலுக்கச் செவ்வந்தி என்று பெயர். துருக்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. முஸ்லிமுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெளியிலிருந்து வந்தது எதுவோ அது துலுக்கம்; அவ்வளவே கணக்கு. அந்தப் பூ இன்று எல்லா மாலையிலும் இடம் பெற்றுவிட்டது. அப்பெயரால் அழைக்கப்பட்ட மனிதனோ இன்னும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறான்.

அதே சொல் திருவரங்கம் கோயிலில் வேறு குரலில் ஒலிக்கிறது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். அங்கே துலுக்க நாச்சியாருக்குத் தனியிடம் உண்டு. ரொட்டி படைக்கும் வழக்கமும் உண்டு. அங்கே அச்சொல்லில் இழிவு இல்லை, உறவு இருக்கிறது. ஆகவே குற்றம் எழுத்துகளில் இல்லை. எந்த வாய், யாரைப் பார்த்து, எந்த நிலையில் நின்று சொல்கிறது என்பதே ஒரு சொல்லை மாலையாக்குகிறது அல்லது கல்லாக்குகிறது.

துலுக்கருக்கு முன்பே 'சோனகர்' என்னும் பெயர் தமிழில் இருந்தது. அது யவனர் என்பதன் வழியாக வந்தது என்பர் அறிஞர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்றில் சோனகன் சாவூர் பரஞ்சோதி என்று ஒரு பெயர் காணப்படுகிறது. சோனகன் என்று குறிக்கப்பட்டவனின் பெயர் பரஞ்சோதி! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் உளி பிடித்தவனுக்கு அந்த இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்துவதில் இடர்ப்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. இடர்ப்பாடு பின்னால் வந்தவர்களுக்குத்தான்.

போர்த்துக்கீசியர் வந்தார்கள். தங்கள் நாட்டிலும் வட ஆப்பிரிக்காவிலும் தாங்கள் போரிட்ட முஸ்லிம்களுக்கு வைத்திருந்த 'மூர்' என்னும் பெயரை இங்குள்ளோர் தலையிலும் சூட்டினார்கள். ஆங்கிலேயர் வந்தார்கள். தொழிலும் பட்டமும் ஊர் வழக்குமாக நெகிழ்ந்து கிடந்த மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்னும் பெயர்களை எடுத்துக் கணக்கெடுப்புப் பட்டியலில் சாதிகளாக உறைய வைத்தார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய தொகுதிகளில் லெப்பையும் மரைக்காயரும் அகர வரிசையில் இடம் பெற்றிருக்கின்றனர். பதிவேட்டில் ஏறிய பெயர் சான்றிதழில் இறங்குகிறது. சான்றிதழில் இறங்கியது திருமணப் பேச்சில் ஏறுகிறது. அதிகாரம் ஒரு சொல்லை எழுதினால், அச்சொல் மனிதர்களை எழுதத் தொடங்கிவிடுகிறது.

மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும்

தமிழ் நாடகங்களும் திரைப்படங்களும் நெடுங்காலம் நமக்கு ஒரு மொழியைத் தந்து வந்தன. "நம்பள், நிம்பள்" என்று தொடங்கும் ஒரு சிதைந்த தமிழ் அது. வட்டிக்குப் பணம் கொடுத்த வடநாட்டார் வாயிலிருந்து எடுத்த அந்த மொழியை, தொப்பியும் தாடியும் வைத்த எந்தப் பாத்திரத்தின் வாயிலும் போட்டார்கள். அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த முஸ்லிம், தன் வீட்டில் யாரும் பேசாத மொழியைத் தன் மொழியெனக் காட்டுவதைப் பார்த்து அவரும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பின் விலை சிறிதன்று. முஸ்லிமுக்குத் தமிழ் வராது என்னும் எண்ணத்தை, நம்மை நேரில் அறியாத இலட்சக்கணக்கானோர் மனத்தில் அது பதித்தது.

உண்மை என்ன? வடநாட்டில் 'நமாஸ்' என்றும் 'ரோஜா' என்றும் பாரசீகச் சொல் வழங்க, நம் முன்னோர் தொழுகை என்றார்கள், நோன்பு என்றார்கள். இறைவணக்கத்திற்குரிய இல்லத்தைப் பள்ளிவாசல் என்றார்கள். சமணரும் பௌத்தரும் தங்கள் அறநிலையங்களுக்கு வழங்கிய 'பள்ளி' என்னும் பழஞ்சொல் அது. மார்க்கத்தின் உயிரான கடமைகளுக்கே தாய்மொழிப் பெயரிட்ட ஒரு சமுதாயத்தைப் பார்த்தா தமிழ் தெரியுமா என்று கேட்பது? சாதம் என்று சொல்வதே நாகரிகம் என ஊர் நினைத்த காலத்திலும் நம் தாய்மார்கள் சோறு என்றே சொன்னார்கள். குழம்பை ஆணம் என்றார்கள். காலை உணவு உண்ண விருந்தினரைப் 'பசியாற' அழைத்தார்கள். அகராதிகள் காத்து வைத்த சொற்களை அவர்கள் அடுக்களையில் காத்து வைத்தார்கள்.

எழுத்திலும் அப்படியே. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் ஆயிர மசலாவை அரங்கேற்றினார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், அரபு நாட்டை வருணிக்கப் புகுந்தபோது மழை பொழியும் மலைகளையும் நெல் விளையும் வயல்களையும் கொண்டுவந்து நிறுத்தினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மண்ணைக் கூடத் தமிழ் மண்ணாகவே காண முடிந்த நெஞ்சம் அது. கண்டியில் 1882இல் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் ஏட்டை நிறுவிய சித்தி லெப்பை, 1885இல் அசன்பேயுடைய கதையை வெளியிட்டார். தமிழ் நாவல் தவழ்ந்த காலம் அது. 1907இல் சென்னையில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்துச் சதாவதானம் நிகழ்த்தினார் செய்குத்தம்பிப் பாவலர். இராமலிங்க அடிகளின் அருட்பாவுக்கு எதிர்ப்பு எழுந்தபோது அதன் பக்கம் நின்று வாதாடியவரும் அவரே. 1949இல் அரசியல் நிர்ணய சபையின் மொழி விவாதத்தில், பழமையே அளவுகோல் என்றால் தமிழுக்கே அவ்விடம் என்று எடுத்துரைத்தவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபு. இவர்களெல்லாம் 'தமிழர்களும் முஸ்லிம்களும்' என்னும் தொடரில் எந்த 'உம்'மைச் சேர்ந்தவர்கள்?

சொல்லுக்குக் குடியுரிமை, மனிதனுக்கு இல்லையா?

"உங்கள் பெயர்கள் தமிழாக இல்லையே" என்பார்கள் சிலர். நாம் திருப்பிக் கேட்போம்: இராஜேந்திரனும் சுப்பிரமணியனும் சரஸ்வதியும் எந்த மொழிப் பெயர்கள்? வடமொழிப் பெயர் தாங்கியவர் தமிழராக இருப்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. அரபுப் பெயர் தாங்கியவரிடம் மட்டும் சான்றிதழ் கேட்கிறார்கள். செய்கு அப்துல் காதிர் என்னும் அரபுப் பெயரைச் சீதக்காதி என்று தன் நாவுக்கேற்ப இசைத்துக்கொண்டு, செத்தும் கொடுத்த வள்ளலாகப் பழமொழியிலே குடியேற்றியது தமிழ். தமிழுக்கு அன்று இருந்த பெருந்தன்மை, தமிழின் பெயரால் பேசும் சிலருக்கு இன்று இல்லை.

நீதிமன்றத்திற்குள் சென்று பாருங்கள். வக்கீல், ஜாமீன், கைதி, அசல், நகல், ரத்து என்று எத்தனை சொற்கள்! கடைத்தெருவில் வசூல், பாக்கி. இவையெல்லாம் அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாகவும் இந்துஸ்தானியின் வழியாகவும் இங்கே வந்தவை. இவற்றைப் பேசாமல் ஒரு தமிழரின் நாள் கழிவதில்லை. சொற்களுக்குக் குடியுரிமை தந்தவர்கள், சொற்களோடு சேர்ந்து வாழும் மனிதர்களை விருந்தாளிகளாக எண்ணுவது எந்த நீதி?

செய்தி ஏடுகளின் வழக்கம் இன்னொன்று. திருடியவர் வேறொருவராக இருந்தால் அவர் பெயரும் ஊரும் தொழிலும் செய்தியாகின்றன. முஸ்லிமாக இருந்துவிட்டால் மார்க்கமே தலைப்பாகிறது. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்து உயிர்கள் பறிபோயின. அக்கொடுமையைச் செய்தவர்கள் தண்டனைக்குரியவர்கள். அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதன்பின் ஏடுகளில் 'இஸ்லாமிய' என்னும் அடைமொழி எந்தெந்தச் சொற்களோடு மணமுடிக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஒரு மார்க்கத்தின் பெயரைக் குற்றத்தின் பெயரோடு இணைத்து நாள்தோறும் அச்சிட்டால், குற்றவாளி சிறையில் இருப்பான். பெயர் மட்டும் தெருவில் நடமாடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் துரத்தும்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை

இதுவரை பிறரைக் கேட்டோம். இனி நம்மையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இராது.

"வந்தவர் நம்மாளா, தமிழாளா?" என்று நம் வீடுகளில் கேட்பதில்லையா? இந்து அண்டை வீட்டாரைத் 'தமிழ் வீடு' என்று நம் பெண்மக்கள் குறிப்பிடுவதில்லையா? மேடையில் ஒருவர் 'தமிழர்களும் முஸ்லிம்களும்' என்றால் புண்படுகிற நாமே, முற்றத்தில் அமர்ந்து அதே கோட்டைக் கிழிக்கிறோம். தமிழ் என்னும் பெயரை நம்மிடமிருந்து யாரும் பறிக்க வேண்டியதில்லை. நாமே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டோம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மட்டுமே பேசிய தாய், தன் குழந்தையிடம் தமிழை இன்னொருவருடைய பெயராக அறிமுகம் செய்கிறாள். அக்குழந்தை வளர்ந்து வெளியே சென்று, "நீ தமிழனா, முஸ்லிமா?" என்னும் கேள்வியை எதிர்கொள்ளும்போது தடுமாறாமல் என்ன செய்யும்?

சிலருக்கு உருதுவில் நாலு சொல் கலந்து பேசினால்தான் மார்க்கப் பற்று விளங்குவதாக ஓர் எண்ணம். உருது வளமான மொழி. அதைத் தாய்மொழியாகக் கொண்ட நம் உடன்பிறப்புகள் தமிழகத்தில் உள்ளனர். அவர்களுக்கு அது உரிமை. ஆனால் எல்லாத் தூதர்களும் தத்தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டனர் என்று திருமறை சொல்லும்போது, தமிழில் பேசினால் ஈமான் குறையும் என்பதுபோல் நடந்துகொள்வது என்ன அறிவு?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. சில ஊர்களில் நாவிதத் தொழில் செய்யும் முஸ்லிம் குடும்பத்தை 'ஒசா' என்று ஒதுக்கிச் சொல்கிறோம். தொழுகையில் தோளோடு தோள் நிற்பவர், திருமணப் பேச்சில் அச்சொல்லால் வாசலுக்கு வெளியே தள்ளப்படுகிறார். 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாம் பெருமிதம் கொண்டோம். ஆனால் அவ்வாறு வந்தோரைப் பேரன் பேத்தி எடுத்த பின்னும் 'நவ்முஸ்லிம்' என்று அடையாளமிடும் நாவுகள் நம்மிடையே இல்லையா? பெயரிடும் அதிகாரம் நம் கைக்கு வந்த சிறு வட்டத்திற்குள், நமக்குச் செய்யப்பட்டதையே நாம் நம்மிலும் எளியவருக்குச் செய்கிறோம்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயின் இனத்தைச் சொல்லி இழித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஒரு வாய்த் தவறென்று விட்டுவிடவில்லை. அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்று கண்டித்தார்கள். சிலையை உடைத்துவிட்டால் அறியாமைக் காலம் முடிந்துவிடுவதில்லை; அது சொல்லுக்குள் ஒளிந்து வாழும் என்பதே அக்கண்டனத்தின் பாடம். பட்டப்பெயரிட்டு ஒருவரையொருவர் இழிக்க வேண்டாமென்று ஹுஜுராத் அத்தியாயம் விதிப்பதும் இதனால்தான்.

கடலுக்கு அப்பால் கற்ற பாடம்

பெயரிடும் அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கையின் வரலாறு சான்று. அங்குள்ள முஸ்லிம்கள் தம்மைத் தனி இனமாகக் கருதுகின்றனர். அது அவர்களின் உரிமை. அதில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. 1885இல் சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சட்டசபையில் அவர்களுக்குத் தனி இடம் வேண்டுமா என்னும் கேள்வி அதன் பின்னே இருந்தது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். பின்னர் 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடர் அரசியல் மேடைகளில் ஒலித்தது. அதில் முஸ்லிம்களும் அடக்கம் என்றார்கள்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினர். எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் வாழ்ந்தோருக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வெளியேறச் சொன்ன கட்டளையும் தமிழ். அழுத அழுகையும் தமிழ். "நீங்களும் தமிழரே" என்று 1885இல் சொன்னவரும், "வெளியேறுங்கள்" என்று 1990இல் சொன்னவர்களும் ஒன்றல்லர். இருவரின் செயலும் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் யார் என்பதை நாங்கள் சொல்கிறோம் என்னும் உரிமையை இருவருமே எடுத்துக்கொண்டனர். சேர்ப்பதற்கு எடுத்த உரிமை, நீக்குவதற்கும் உதவுமென்பதை நூற்றைந்து ஆண்டுகள் மெய்ப்பித்தன.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே நாம் யார் என்பதை நாமே சொல்வோம். நாம் முஸ்லிம்கள், நாம் தமிழர்கள். இவற்றுள் ஒன்றை மற்றொன்றுக்காக விலை பேச வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. எந்த ஏடாவது 'தமிழர்களும் முஸ்லிம்களும்' என்று அச்சிட்டால், சினமின்றி, ஆனால் தவறாமல், ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவோம்: "இந்துக்களும் முஸ்லிம்களும் என்று எழுதுங்கள், நாங்களும் தமிழர்களே" என்று. மேடையில் அவ்வாறு பேசும் நண்பரைக் கூட்டம் முடிந்ததும் தனியே கண்டு எடுத்துச் சொல்வோம். நம் மதரஸாக்களில் பிள்ளைகளுக்குச் சீறாப்புராணத்தின் பெயரையாவது சொல்லிக்கொடுப்போம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இன்றிரவே நம் வீட்டில் ஒரு சொல்லை மாற்றுவோம். பக்கத்து வீட்டாரைத் தமிழாள் என்று சொல்வதை நிறுத்துவோம். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அப்பெயரால் அழைப்போம். முடிதிருத்துபவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. நேற்று மார்க்கத்திற்கு வந்தவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பிறரை அவரவர் பெயரால் அழைக்கத் தெரிந்தவர்களே, "எங்களை எங்கள் பெயரால் அழையுங்கள்" என்று கேட்கும் தகுதி பெறுகிறார்கள்.